காவிய மிகுபுனைவுத் தொடரில் பல பார்வைக்கோணங்கள்: முதல் அத்தியாயத்துக்கு முன்பே செய்ய வேண்டியவை

மூன்று பாகங்களாகத் திட்டமிட்ட ஒரு மிகுபுனைவுத் (ஃபேண்டஸி) தொடரின் முதல் பாகத்தை நான் பதினொரு பாத்திரங்களின் பார்வையில் எழுதினேன். 2,10,000 சொற்களை முடித்த பிறகு, ஒருவரையொருவர் அறியாத மூன்று நண்பர்களிடம் அதை வாசிக்கக் கொடுத்தேன். மூவரும் ஏறத்தாழ ஒன்பதாம் அத்தியாயத்தை ஒட்டியே நின்றுவிட்டார்கள். கதை பிடிக்காமல் போகவில்லை என்றும், முன்பு வந்தவர் என்ன ஆனார், இப்போது வந்திருப்பவர் யார் என்று பக்கங்களைப் புரட்டிப் புரட்டியே களைத்துவிட்டதாகவும் சொன்னார்கள். அந்தப் பிரதியை ஐந்து கோணங்களுக்குள் கொண்டுவந்து மீண்டும் எழுத எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. எழுதத் தொடங்குமுன் மூன்று வாரம் ஒதுக்கி நான்கைந்து தாள்களைத் தயாரித்திருந்தால், அந்த உழைப்பில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். அந்தத் தாள்கள் எவை, எந்த வரிசையில் தயாரிக்க வேண்டும், எங்கெல்லாம் கால் இடறும் என்பதை, இப்போதுதான் முதல் தொடரைத் தொடங்கும் உங்களுக்காக எழுதுகிறேன்.

ஓர் அத்தியாயம் முழுவதையும் ஒரே பாத்திரத்தின் கண், காது, நினைவு ஆகியவற்றின் வழியாக மட்டும், பெரும்பாலும் படர்க்கையில் சொல்லும் முறையையே இங்கே பார்வைக்கோணம் என்கிறேன். அந்தப் பாத்திரத்தைப் பார்வைப் பாத்திரம் என்று குறிப்பிடுகிறேன்.

1. உங்களுக்குப் பல கோணங்கள் தேவையா என்று முதலில் சோதியுங்கள்

கதையில் முக்கியமானவராக இருப்பது ஒருவருக்குக் கோணம் தரப் போதுமான காரணம் ஆகாது. அரசர் முக்கியமானவர்தான், ஆனால் அவரை எப்போதும் அருகிலிருந்து பார்க்கும் மெய்க்காவலர் ஒருவர் பார்வைப் பாத்திரமாக இருந்தால் அரசருக்குத் தனிக்கோணம் வேண்டியதில்லை. அவருடைய மனத்தில் ஓடுவது வாசகருக்குத் தெரியாமலிருப்பது கதைக்கு வலுவும் சேர்க்கும்.

ஒரு தாளை எடுத்து, நீங்கள் கோணம் கொடுக்க நினைக்கும் ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரிலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இவர் மட்டுமே நேரில் காணக்கூடிய, கதைக்கு இன்றியமையாத நிகழ்ச்சிகள் எவை? இவர் எதை விரும்புகிறார், அதற்குத் தடை எது? கடைசிப் பாகத்தின் முடிவில் இவர் எங்கே, எந்த நிலையில் இருப்பார்? முதல் கேள்விக்கு மூன்று நிகழ்ச்சிகளாவது எழுத முடியவில்லை என்றால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அந்தப் பெயரைத் தனியாக எடுத்து வைத்து, விடை கிடைக்கும்வரை அவருக்கு ஓர் அத்தியாயமும் எழுதாதீர்கள். என் பதினொரு பேரில் நால்வர் முதல் கேள்வியிலேயே விழுந்திருப்பார்கள். தொலைவில் நடக்கும் ஒரு போரைக் காட்டவேண்டும் என்பதற்காக மட்டுமே அவர்களை உருவாக்கியிருந்தேன். அந்தப் போரின் செய்தியைக் காயம்பட்ட ஒரு குதிரைவீரன் கொண்டுவந்து சொன்ன காட்சி, நான் எழுதிய போர் அத்தியாயத்தைவிட நன்றாக அமைந்தது.

2. ஒரு கோணத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிடுங்கள்

இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு பார்வைப் பாத்திரத்துக்குப் பாகத்துக்கு எட்டு அத்தியாயங்கள், அத்தியாயத்துக்கு 2,500 சொற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பாகத்தில் 20,000 சொற்கள் அவருக்கே போகும். மூன்று பாகங்களில் 60,000 சொற்கள். நாளொன்றுக்கு 600 சொற்கள் எழுதுபவருக்கு அது முழுதாக நூறு நாள் உழைப்பு. பக்கத்துக்குச் சுமார் 250 சொற்கள் அடங்கும் டெம்மி அளவு நூலில் 20,000 சொற்கள் 80 பக்கங்கள் ஆகும். அதாவது, பாரத்துக்கு (அச்சில் ஒன்றாக ஏறும் பக்கத் தொகுதிக்கு)ப் பதினாறு பக்கம் என்ற கணக்கில் ஐந்து பாரங்கள். அச்சுச் செலவைப் பாரக் கணக்கில்தான் பார்ப்பார்கள் என்பதால், நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு கோணமும் நூலின் விலையிலும் ஏறும். முதல் நூலை எழுதும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எல்லாருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் தன் மிகுபுனைவுத் தொடரின் முதல் நூலாக 1996இல் வெளியிட்ட 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நூலில், முன்கதை நீங்கலாக, 72 அத்தியாயங்கள் எட்டுப் பேரிடையே பகிரப்பட்டுள்ளன. எட்டார்டு ஸ்டார்க்குக்கு 15, கேட்லினுக்கு 11, டெனேரிஸுக்கு 10, டிரியனுக்கும் ஜானுக்கும் ஒன்பது ஒன்பது, பிரானுக்கு ஏழு, சான்சாவுக்கு ஆறு, ஆர்யாவுக்கு ஐந்து. தலைநகர அரசியலின் நடுவில் நிற்பவருக்கு 15 தேவைப்பட்டது; அதே நகரில் சிறுமியாக அலையும் ஆர்யாவுக்கு ஐந்து போதுமாக இருந்தது. உங்கள் பட்டியலிலும் யாருக்கு எத்தனை என்று எண்ணாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை நீங்கள் நினைத்த நூலின் அளவைத் தாண்டினால், அத்தியாயங்களைச் சுருக்குவதற்குப் பதிலாக ஒரு பெயரை நீக்குவதே நல்லது. முதல் தொடருக்கு மூன்று முதல் ஐந்து கோணங்கள் போதும் என்பது என் கருத்து.

3. தயாரிக்க வேண்டிய ஆவணங்கள்

இவற்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸின் விரிதாள் போதும். கோடு போட்ட பெரிய கணக்கேடும் போதும். மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

முதலாவது, நாள் அட்டவணை. கதை தொடங்கும் நாளை 'நாள் 1' என்று வைத்து, ஒவ்வொரு வரிசையும் ஒரு நாளாகவும் ஒவ்வொரு பத்தியும் (நெடுவரிசையும்) ஒரு பார்வைப் பாத்திரமாகவும் அமைத்து, அன்று அவர் எங்கே இருக்கிறார் என்று நிரப்புங்கள். அத்தியாயம் இல்லாத நாட்களிலும் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. நிலவின் பிறையையும் ஓர் ஓரப் பத்தியில் குறியுங்கள். ஒருவர் அமாவாசை இருளில் கோட்டைச் சுவர் ஏறும் அதே இரவில், இன்னொருவர் இருநூறு கிலோமீட்டர் தள்ளி முழுநிலவைப் பார்த்துக்கொண்டிருந்தால் கவனமுள்ள வாசகர் பிடித்துவிடுவார். டோல்கியன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் பிரிந்துபோன குழுக்களின் நாட்களையும் நிலவின் நிலைகளையும் பொருத்துவதற்காகவே பகுதிகளைத் திருத்தி எழுதினார். அந்நூலின் பின்னிணைப்பில் உள்ள கால வரிசையைப் பார்த்தால், நாள் அட்டவணை எப்படி இருக்க வேண்டும் என்பது உடனே விளங்கும்.

இரண்டாவது, தூர அட்டவணை. இடத்துக்கு இடம் எத்தனை கிலோமீட்டர், எப்படிப் போனால் எத்தனை நாள் என்ற கணக்கு இது. கால்நடையாகச் செல்லும் படைக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோமீட்டர், குதிரையை மாற்றாமல் செல்லும் தனிப் பயணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. செய்தி செல்லும் வேகத்தையும் இதில் சேருங்கள். புறாவைப் பயன்படுத்துவதாக இருந்தால், பழகிய புறா தன் கூட்டுக்கு மட்டுமே திரும்பும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். போகும் இடத்துக்கெல்லாம் கூண்டில் அதைச் சுமந்து சென்றிருந்தால்தான் அங்கிருந்து செய்தி அனுப்ப முடியும்.

மூன்றாவது, அறிவு ஏடு. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். ஒரே ஓர் ஆவணத்துக்குத்தான் உங்களுக்குப் பொறுமை இருக்கிறது என்றால் இதை மட்டுமாவது தயாரியுங்கள். இடப்பக்கம் கதையின் இரகசியங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். 'மூத்த இளவரசன் சாகவில்லை', 'வைத்தியர் எதிரி நாட்டு ஒற்றர்', 'கோட்டைக்கு வடக்கே ஒரு சுரங்கவழி உண்டு' என்பவை போன்றவை. மேலே பார்வைப் பாத்திரங்களின் பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவர் அதை எந்த நாளில், யார் மூலமாக அறிந்தார் என்று எழுத வேண்டும். அரைகுறையாகவோ தவறாகவோ அறிந்திருந்தால் அதையும் எழுத வேண்டும். கதையின் பாதித் திருப்பங்கள் அந்தத் தவறான புரிதல்களிலிருந்துதான் பிறக்கும். கடைசிப் பத்தி வாசகருக்கு உரியது. பல கோணங்களில் சொல்லும் கதையில், தனித்தனியாக எந்தப் பாத்திரமும் அறியாததை வாசகர் சேர்த்து அறிந்திருப்பார். அந்தப் பத்தியை வேறு நிற மையால் நிரப்பிப் பாருங்கள்: வாசகருக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாத கட்டங்கள் எங்கே கூடுகின்றனவோ, அங்கே வாசகரின் பதைப்பும் கூடும்.

இந்த ஏட்டில் நான் செய்த பிழை ஒன்று உண்டு. அறிந்த இடத்தை அத்தியாய எண்ணால் குறித்திருந்தேன். பிறகு அத்தியாயங்களை முன்பின்னாக மாற்றியபோது எண்கள் எல்லாம் பொய்யாயின. கப்பல் தலைவன் 31ஆம் அத்தியாயத்தில் அஞ்சி நடுங்கும் ஒரு செய்தி, 33ஆம் அத்தியாயத்தில்தான் கரைக்கே வந்து சேர்ந்தது. எனவே எண்ணை எழுதாதீர்கள். கதையின் நாளையும் காட்சியின் பெயரையும் எழுதுங்கள்.

நான்காவதாக ஒரு சிறு தாள்: ஒவ்வொரு பார்வைப் பாத்திரமும் ஓர் அறைக்குள் நுழைந்தவுடன் முதலில் எதைக் கவனிப்பார், எதைக் கவனிக்கவே மாட்டார் என்பதை இரண்டிரண்டு வரிகளில் எழுதி வையுங்கள். தச்சர் உத்தரத்தைப் பார்ப்பார். ஒற்றர் வாசல்களை எண்ணுவார். பசித்தவருக்கு முதலில் மணம்தான் எட்டும்.

4. அறிமுக வரிசையை முடிவு செய்யுங்கள்

எல்லாரையும் முதல் ஐந்து அத்தியாயங்களுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற அவசரம் ஏறத்தாழ எல்லாப் புதிய எழுத்தாளர்களுக்கும் வருகிறது. நானும் அதைத்தான் செய்தேன்: ஐந்து அத்தியாயம், ஐந்து நாடு, ஐந்து புதிய ஆட்கள். வாசகர் ஒருவரோடு பழகத் தொடங்கும் முன்பே அவரைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிட்டேன்.

பெரிய தொடர்கள் இதைக் கையாளும் விதத்தைக் கவனியுங்கள். 1990இல் வெளிவந்த 'தி ஐ ஆஃப் தி வேர்ல்டு' நூலில் ராபர்ட் ஜோர்டான் நெடுந்தூரம் ராண்டு என்ற ஒரே இளைஞனோடு செல்கிறார். ஊரிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டவர்கள் வழியில் சிதறிய பிறகே பிறரின் கோணங்கள் வழக்கமாகின்றன. மார்ட்டினின் முதல் நூலில் எட்டுப் பேரில் ஏழு பேர் தொடக்கத்தில் வின்டர்ஃபெல் என்ற ஒரே கோட்டையில் கூடியிருக்கிறார்கள். கடல் கடந்து தனியே இருப்பவர் டெனேரிஸ் மட்டும். ஒருவரின் அத்தியாயத்தில் ஓரமாக வந்துபோனவர் அடுத்த அத்தியாயத்தில் நடுவில் நிற்கும்போது, வாசகருக்கு அவர் புதியவராக இருப்பதில்லை. உங்கள் கதையிலும் இரண்டாம் கோணத்துக்கு உரியவரை முதல் கோணத்துக்காரர் ஒருமுறையாவது பார்த்துப் பேசும்படி அமையுங்கள். முதல் பத்து அத்தியாயங்களில் மூன்று கோணங்களுக்கு மேல் வேண்டாம்.

5. தமிழில் கோணத்தைக் காட்டும் கருவிகளைப் பயன்படுத்துங்கள்

நாம் படிக்கும் காவிய மிகுபுனைவுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை; அவற்றின் உத்திகளை அப்படியே எடுத்துவந்தால், தமிழ் இயல்பாகவே தரும் வசதிகளைத் தவறவிட்டுவிடுவோம். ஜோ ஆபர்கிராம்பி 2006இல் வெளியிட்ட 'தி பிளேடு இட்செல்ஃப்' நூலில், குளோக்டா என்ற சித்திரவதையாளரின் மன ஓட்டம் சாய்வெழுத்தில் வருகிறது. தமிழ் அச்சில் சாய்வெழுத்து கண்ணுக்கு இதமாக இருப்பதில்லை. பத்திக்குப் பத்தி வந்தால் வாசகர் சோர்ந்துவிடுவார். ஆனால் நமக்கு அது தேவையும் இல்லை.

வினைமுற்றிலிருந்தே தொடங்குங்கள். 'தளபதி வந்தார்', 'தளபதி வந்தான்' என்ற இரண்டில் எதை எழுதுகிறீர்கள் என்பதே யார் பார்க்கிறார் என்று சொல்லிவிடுகிறது. படைவீரனின் அத்தியாயத்தில் 'வந்தார்', பகைவனின் அத்தியாயத்தில் 'வந்தான்', மகளின் அத்தியாயத்தில் 'அப்பா வந்தார்'. அரண்மனைப் பணிப்பெண்ணின் கோணத்தில் 'அரசியார்' ஆக இருப்பவர், மாமியாரின் கோணத்தில் வெறும் 'அவள்'. இதற்காகவே நான் ஒரு மரியாதை அட்டவணை வைத்திருக்கிறேன்: யார் பார்க்கிறார், யாரைப் பார்க்கிறார், எந்தச் சொல், எந்த விகுதி. ஒருவர் மேல் இருந்த மதிப்பு உடையும் அத்தியாயத்தில், அதுவரை 'ஆர்' விகுதியில் வந்தவர் திடீரென்று 'ஆன்' விகுதிக்கு இறங்குவதே ஒரு நிகழ்ச்சியாகிவிடும். 'அவருக்கு வெறுப்பு மூண்டது' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அட்டவணை இல்லாமல் எழுதினால், கவனக்குறைவால் மாறிய விகுதிக்கும் காரணத்தோடு மாறிய விகுதிக்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும்.

அடுத்தது 'தான்' என்ற சொல். 'மாறன் கதவைத் திறந்தான். தான் இங்கே வந்திருக்கக் கூடாது.' இரண்டாவது வாக்கியம் மாறனின் மனத்துக்குள்ளிருந்து வருகிறது. 'அவன் இங்கே வந்திருக்கக் கூடாது' என்று எழுதினால், அது மாறனின் எண்ணமா, கதைசொல்லியின் தீர்ப்பா, மாறன் வேறொருவனைப் பற்றி நினைப்பதா என்ற குழப்பம் எழும். எனவே 'தான், தன், தனக்கு' ஆகியவற்றைப் பார்வைப் பாத்திரத்துக்கே உரிய சொற்களாக முடிந்தவரை காத்துவையுங்கள். ஒரே பத்தியில் இருவரை அச்சொற்கள் சுட்டினால் கோணம் கலங்கிவிடும்.

கேட்டறிந்ததைக் குறிக்க 'ஆம்' விகுதி இருக்கிறது. 'கோட்டை விழுந்துவிட்டது' என்பது கண்டவர் கூற்று. 'கோட்டை விழுந்துவிட்டதாம்' என்பது காதில் விழுந்தது. அறிவு ஏட்டில் 'கேள்விப்பட்டார்' என்று குறித்த செய்தியை அந்தக் கோணத்தில் 'ஆம்' விகுதியோடும், நேரில் கண்டவரின் கோணத்தில் அது இல்லாமலும் எழுதினால் வாசகர் நம்பகத்தின் அளவைத் தானே உணர்ந்துகொள்வார். அவ்வாறே 'படை ஊருக்குள் வந்தது' என்றால் பார்ப்பவர் ஊருக்குள் இருக்கிறார்; 'படை ஊருக்குள் போனது' என்றால் வெளியே நிற்கிறார். முற்றுகைக் காட்சிகளில் இந்த இரண்டு வினைகளை மட்டும் சரிபார்த்தாலே பாதிப் பிழைகள் தீரும். உரையாடலில் 'நாம்', 'நாங்கள்' ஆகியவற்றையும் அதே கவனத்தோடு பாருங்கள். எதிரே நிற்பவரைத் தன் அணியில் சேர்க்கிறாரா விலக்குகிறாரா என்பது அந்தச் சொல்லில் இருக்கிறது.

நம்மில் பலர் அடிக்கடி விழும் குழி ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னில், எல்லாம் அறிந்த கதைசொல்லி வாசகரோடு நேராகப் பேசி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அழைத்துச் செல்கிறார். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த காது நமக்கு. அது தனக்கே உரிய அழகுள்ள வேறொரு முறை. ஆனால் ஒருவரின் கோணத்தில் எழுதத் தீர்மானித்த அத்தியாயத்தில், 'தன் பின்னால் வரும் ஆபத்தை அவன் அறியவில்லை' என்ற ஒரே வாக்கியம் வந்தாலும் கோணம் உடைந்துவிடும். அவன் அறியாததை யார் அறிந்து சொல்கிறார்? என் பிரதியில் இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களைக் கண்டுபிடித்தேன். 'அறியவில்லை', 'தெரியவில்லை', 'உணரவில்லை' என்ற சொற்களைத் தேடிப் பார்த்தால் பெரும்பாலானவை அகப்படும்.

6. அத்தியாயங்களைக் கோக்கும் முறை

ஒவ்வொரு காட்சியையும் ஒரு சிறு அட்டையில் எழுதி, கோணத்துக்கு ஒரு நிறம் கொடுத்துத் தரையில் பரப்புங்கள். ஒரு நிறம் காணாமல் போய் எத்தனை அட்டைகளுக்குப் பிறகு திரும்புகிறது என்று பாருங்கள். ஆறு அத்தியாயங்களுக்கு மேல் இடைவெளி விழுந்தால், திரும்பும் அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே பெயர், இடம், கடைசியாக நடந்ததன் நினைவு மூன்றும் வந்துவிட வேண்டும். நான்கு கோணங்களுக்கு மேல் இருந்தால் அத்தியாயத் தலைப்பில் பாத்திரத்தின் பெயரையே இடுவது வாசகருக்குச் செய்யும் உதவி. மார்ட்டின் பெயரை இடுகிறார். 'தி ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவ்' தொடரில் பிராண்டன் சாண்டர்சன் அத்தியாய முகப்பில் கோணத்துக்குரிய சின்னத்தை அச்சிடுகிறார். சின்னம் வேண்டுமென்றால் ஓவியருக்கு ஆகும் தொகையையும் உங்கள் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் அத்தியாயத்தையும் விளிம்பில் தொங்கவிட்டு முடிக்கும் பழக்கம் வேண்டாம். இரண்டு மூன்று முறை அது வேலை செய்யும். அதன் பிறகு வாசகர் நடுவிலுள்ள அத்தியாயங்களைத் தாண்டிச் சென்று, விட்ட இடத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கிவிடுவார். என் முதல் வாசகர்களில் ஒருவர் அப்படித்தான் இரண்டு கோணங்களை முழுவதுமாகப் படிக்காமலே விட்டிருந்தார். இன்னொரு தவறு, பார்வைப் பாத்திரத்துக்குத் தெரிந்ததை அவருடைய அத்தியாயத்திலேயே வாசகரிடமிருந்து மறைப்பது. அவர் மனத்துக்குள் இருந்துகொண்டே அவர் உறையில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விடுவது ஏமாற்று வேலையாகத்தான் வாசகருக்குப் படும். மறைக்க வேண்டிய செய்தி இருந்தால் அந்தக் காட்சியை அறியாதவரின் கோணத்துக்கு மாற்றுங்கள்.

7. காலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது

தொடரின் நடுப் பாகங்களில்தான் இந்தச் சிக்கல் முற்றும். ஒருவரின் கதையில் மூன்று நாள் ஓடியிருக்கும். இன்னொருவர் மூன்று மாதப் பயணத்தில் இருப்பார். இருவரையும் அடுத்தடுத்து வைக்க வேண்டும். ஜோர்டானின் 'வின்டர்ஸ் ஹார்ட்' 2000இல் ஒரு பெரிய நிகழ்ச்சியோடு முடிந்தது. 2003இல் வந்த அடுத்த நூலான 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்', பெரும்பகுதியும் அதே நேரத்தில் பிற பாத்திரங்கள் எங்கே இருந்தார்கள் என்பதைச் சொல்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவருக்குக் கதை அங்கேயே நிற்பதுபோல் இருக்கும். நூலின் உச்சக்காட்சிக்குப் பின் காலத்தைப் பின்னோக்கித் திருப்புவதைக் கூடியவரை தவிர்க்கவேண்டும் என்ற பாடத்தை நான் இதிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

மார்ட்டினின் தொடரில் முன்கதை, பின்கதைகள் நீங்கலாகப் பார்வைப் பாத்திரங்களின் எண்ணிக்கை முதல் ஐந்து நூல்களில் முறையே 8, 9, 10, 12, 16. அந்நூல்கள் வெளிவந்த ஆண்டுகள் 1996, 1998, 2000, 2005, 2011. தாமதத்துக்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமே என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தொடர் எழுதும் எவருக்கும் நல்லது. நான்காம் நூல் அளவுக்கு மீறி வளர்ந்தபோது, அவர் அதைக் காலத்தால் வெட்டாமல் பாத்திரங்களால் பிரித்தார். அதனால் ஜான், டிரியன், டெனேரிஸ் மூவரும் நான்காம் நூலில் கோணமின்றி, ஐந்தாம் நூலில்தான் திரும்பினார்கள். ஜானும் சாம்வெலும் பேசும் ஒரே உரையாடல் ஒரு நூலில் சாம்வெலின் பக்கத்திலிருந்தும் மறு நூலில் ஜானின் பக்கத்திலிருந்தும் வருகிறது. இப்படி ஒரு காட்சியை இருமுறை எழுதுவதாக இருந்தால், முதலில் எழுதியதிலிருந்து பேச்சு வரிகளை மட்டும் நகலெடுத்துத் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டு, அவற்றை மாற்றாமல் சுற்றியுள்ள பார்வையை மட்டும் புதிதாக எழுதுங்கள்.

8. புதிய கோணம் சேர்ப்பதும் பழையதை முடிப்பதும்

இரண்டாம் பாகத்தில் புதியவரைச் சேர்க்கலாம், ஆனால் முதல் பாகத்தில் வாசகர் அவரை வெளியிலிருந்து பார்த்திருக்க வேண்டும். ஐந்தாம் நூலில் மீரீன் நகரில் பல பாத்திரங்கள் வந்து சேரும் நிகழ்ச்சிகளைக் கோப்பதில் திணறிய மார்ட்டின், முதல் நூலிலிருந்தே வாசகருக்குத் தெரிந்த முதிய வீரர் பாரிஸ்டனுக்குக் கோணம் கொடுத்துத்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார். ஒரே ஒரு முறை மட்டும் தேவைப்படும் கோணங்களுக்கு முன்கதையையோ இடைப்பகுதியையோ பயன்படுத்துங்கள். சாண்டர்சன் பகுதிகளுக்கு நடுவே இடைக்காட்சிகள் என்று தனித் தலைப்பிட்டுத் தொலைநாட்டு மனிதர்களைக் காட்டுகிறார். 'இவர் தங்கமாட்டார்' என்பது அந்தத் தலைப்பிலேயே தெரிந்துவிடுவதால் வாசகர் அவரை நினைவில் சுமக்க முயல்வதில்லை.

பார்வைப் பாத்திரம் இறந்தால், அவர் கண்டுகொண்டிருந்த இடத்தில் வேறு யார் கண்ணாக இருக்கிறார் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். எட்டார்டின் தலை விழும்போது அதை ஆர்யாவின் அத்தியாயத்தில்தான் காண்கிறோம்; தலைநகரில் சான்சாவும் இருக்கிறாள். அந்த ஏற்பாடு இல்லாமல் நான் ஓர் அமைச்சரைக் கொன்றுவிட்டு, அடுத்த அறுபது பக்கங்களுக்கு அரண்மனைக்குள் நுழைய வழியின்றித் தவித்தேன்.

9. சோதனைக்கு ஒதுக்க வேண்டிய நாட்கள்

முதல் பிரதி முடிந்ததும் ஒவ்வொரு கோணத்தின் அத்தியாயங்களையும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து, ஒரே மூச்சில் ஒருவரை மட்டும் படியுங்கள். அதற்குத் தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் இருக்கிறதா, அல்லது பிறர் கதைக்குச் செய்தி கொண்டுவரும் வேலையை மட்டும் செய்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். கோணத்துக்கு இரண்டு நாள் கணக்கிடுங்கள். பிறகு ஐந்து அத்தியாயங்களிலிருந்து ஒவ்வொரு பக்கம் எடுத்து, பெயர்களை மறைத்து, கதையை அறிந்த ஒருவரிடம் யார் யாருடையது என்று கேளுங்கள். மூன்றைக்கூட அவர் சரியாகச் சொல்லவில்லை என்றால், நான்காம் தாளுக்குத் திரும்புங்கள்.

முதல் வாசகர்கள் மூன்று பேர் போதும். ஒவ்வொருவருக்கும் ஆறு வாரம் கொடுங்கள். திரையில் படிக்கச் சொல்லாமல் அச்சிட்டுக் கொடுத்தால், எங்கே நிறுத்தினார்கள் என்று பென்சிலால் குறிப்பார்கள். திருத்தியபின் 1,20,000 சொற்களாகச் சுருங்கிய என் பிரதியை இருபுறமும் அச்சிட்டுச் சுருள்கம்பி போட்டதற்கு, மூன்று பிரதிகளுக்கும் சேர்த்து 1,200 ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. பொதுவாகக் கருத்துக் கேட்காமல், 'எந்தப் பெயரைப் பார்த்தவுடன் தாண்டிப் போகத் தோன்றியது?' என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

10. முதல் பாகம் அச்சுக்குப் போகும் முன்

அச்சான பின் நாளையும் தூரத்தையும் யாருக்கு என்ன தெரியும் என்பதையும் மாற்ற முடியாது. ஆகவே கோப்பை அனுப்புவதற்குமுன் இரண்டு வாரம் ஒதுக்கி, அச்சுக்குப் போகும் பிரதியை வைத்துக்கொண்டு நாள் அட்டவணையையும் தூர அட்டவணையையும் அறிவு ஏட்டையும் மரியாதை அட்டவணையையும் மறுபடி நிரப்புங்கள். நினைவிலிருந்தோ பழைய தாள்களைப் பார்த்தோ நிரப்பாமல், அச்சுப் பிரதியின் பக்க எண்ணோடு நிரப்ப வேண்டும். திருத்தத்தின்போது ஒரு காட்சி நீக்கப்பட்டிருந்தால், அதில் மட்டுமே சொல்லப்பட்ட செய்தியை இரண்டாம் பாகத்தில் பாத்திரங்கள் அறிந்ததுபோல் பேசும் அபாயம் இருக்கிறது. எனக்கு அப்படிப்பட்ட ஏழு செய்திகள் அகப்பட்டன. அவற்றில் ஐந்தை முதல் பாகத்தில் வேறு காட்சிகளில் சேர்க்க அப்போதும் நேரம் இருந்தது. நிரப்பிய தாள்களில் தேதியிட்டு இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.